யூதப் படுகொலைப் பாடமும் பண்டார ராலாமியும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஆள் நான். எந்த ரகரம் எங்கே வரும், எந்த லகரம் எங்கே வரும் என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் குத்துமதிப்புத்தான். இதை அச்சுக்கு எடுக்கும் மிஸ் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கள் மிஸ், மற்றதை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பார்ப்போம்.

மிஸ் என்று நான் சொல்கிறவர், எங்கள் நிலையத்தில் இப்போது யூத இனப்படுகொலைப் பாடத்தை நடத்துகிறவர். நிலையம் என்பது கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கச் சுவாமிமார் நடத்தும் உயர்கல்வி நிலையம். வெளிநாட்டிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு இருந்ததால் அயலில் எல்லோரும் அதை ‘யுனிவர்சிற்றி’ என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குத் தக்க கட்டடம் அல்ல. கீழே ஒரு மண்டபம், மேலே சில அறைகள், பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்து, முழங்கால் ஒத்துழைக்காததால் நேரத்தோடு ஓய்வு பெற்றேன்.

சென்ற மாதம் பழைய ஸ்லைட் புரொஜெக்டரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் கம்பியூட்டரில் ஓடுகிறது. “இதை ஓட்டினது நீங்கதானே, பக்கத்தில் ஒட்டுறதுக்கு ரெண்டு வரி எழுதித் தாங்க பழனி அண்ணே” என்று மிஸ் கேட்டார். இரண்டு வரியில் அடங்கவில்லை.

வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் கூச்சப்படுகிற ஆள். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் தொண்டைக்குள் எதுவோ வந்து உட்கார்ந்துகொள்ளும். என் கலியாணத்தில் ஐயர் என்னிடம் கேட்டதற்கெல்லாம் என் மாமாதான் பதில் சொன்னார். எழுதுவதில் ஒரு வசதி, கை நடுங்கினாலும் யாருக்கும் தெரியாது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு சுவாமிமாரிடம் கூட்டித் துடைக்க வந்தவன் நான். புரொஜெக்டர் வந்த அன்று அதைப் பூட்டிப் பொருத்தித் தந்த ஆள் ஒரு பின்னேரத்தில் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார். “பல்பைத் தொடாதே. படத்தின் நடுவைத் தொடாதே. ஃபாதர்மார் தொட வந்தால் விடாதே.” இதுதான் நான் படித்த படிப்பு.

அந்த மூன்றாவது விதி, பாடத்தைத் தொடங்கிய அருளப்பு சுவாமிக்குப் பொருந்தவில்லை; படங்களே அவருடையவை. அவர் யாழ்ப்பாணத்து ஆள். வெளிநாட்டில் அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலேயே இந்தப் பாடத்தைப் படித்துப் பட்டம் வாங்கி, ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்லைடுகளோடு திரும்பி வந்தவர். ஒல்லியாக, நெடுப்பமாக, வெயிலில் உலர்த்திய அங்கி நடந்து வருவது போல இருப்பார். பெட்டிச் சாவி அவருடைய செபமாலையோடு சேர்ந்தே தொங்கும்.

ஏன் சாமி இந்தப் பாடம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லுவார்.

“இதைச் செய்தவங்கள் காட்டுக்குள்ள இருந்து வந்தவங்கள் இல்லை, பழனி. ஞானஸ்நானம் வாங்கினவங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டுபோட்டுத் திங்கக்கிழமை வேலைக்குப் போனவங்கள். அதாலதான் வேற ஆரும் படிப்பிக்க முதல் நாங்கள் படிப்பிக்க வேணும். விளங்குதோ?”

நான் சைவ சமயக்காரன். எனக்கு ஏன் இவர் பாவசங்கீர்த்தனம் செய்கிறார் என்று விளங்காமல் தலையை ஆட்டுவேன்.

அவருடைய வகுப்புக்கு விதிகள் இருந்தன. படம் ஓடும்போது மின்விசிறி சுற்றக் கூடாது. தடியால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த படம், இரண்டு தட்டினால் முந்தின படம். முகங்கள் உள்ள படம் வந்தால் அவர் தட்டும்வரை எவ்வளவு நேரமானாலும் நிற்க வேண்டும். “கடைசி வரிசையில இருக்கிறவனும் ஒவ்வொரு முகமாப் பார்த்து முடிக்கோணும்.” உடல்கள் கிடக்கும் படம் வந்தால் தட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம், அவ்வளவுதான், நானாகவே மாற்றிவிட வேண்டும். “அந்தச் சனத்திட்டை நாங்கள் கேட்டுக்கொண்டு பாக்கேல்லை, பழனி” என்பார்.

கடைசி விதி தேத்தண்ணி பற்றியது. வகுப்பு முடிந்து அரைமணி நேரத்துக்கு யாருக்கும் தேத்தண்ணி கிடையாது. அந்தப் படங்களைப் பார்த்த கையோடு மாரி பிஸ்கட் நனைத்துத் தின்பதை அவரால் பொறுக்க முடியாது. கொட்டாஞ்சேனையில் செத்த வீட்டிலும் தேத்தண்ணி ஓடும். ஆகவே இந்த விதி பிள்ளைகளைப் படங்களைவிட அதிகம் வாட்டியது என்று நினைக்கிறேன்.

மண்டபமோ கலியாணங்களுக்கும் வாடகைக்குப் போகும் மண்டபம். முதல் வகுப்புக்கு முதல் நாள் அங்கே ஒரு கலியாணம். மாலை, குத்துவிளக்கு எல்லாம் அகற்றினேன். மேடையின் உச்சியில் தங்கத் தாளால் வெட்டி ஒட்டிய ‘நல்வரவு’ என்ற எழுத்துகளை மட்டும் மறந்துவிட்டேன். விளக்கை அணைத்து முதல் படத்தைப் போட்டேன். கொலை முகாமின் வாசல், இரும்புக் கதவு, முள்ளுக்கம்பி. அதற்கு மேலே புரொஜெக்டர் வெளிச்சத்தில் ‘நல்வரவு’ தகதகவென்று மின்னியது.  சுவாமி அண்ணாந்து பார்த்தார்.

“பழனி.”

“சாமி.”

“உதைக் கழட்டு.”

ஏணியில் ஏறிக் கழற்றினேன். அவர் என்னைத் திட்டவில்லை. பிறகு பல நாள் கழித்து, “உண்மையில அங்கையும் வாசல்ல ‘வேலை விடுதலை தரும்’ எண்டு ஒரு வாசகம் இருந்தது, பழனி. நீ பிழையாச் செய்யேல்லை” என்றார். அதைப் பாராட்டு என்று எடுப்பதா, வேண்டாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இனிப் பொலிஸ் வந்த கதை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் தமிழ் ஆள் ஒருவர் வீடு மாறினால், லொட்ஜில் தங்கினால், ஊரிலிருந்து உறவுக்காரர் வந்தால்கூடப் பொலிஸில் பதிய வேண்டும். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அப்படிப்பட்ட காலத்தில் அருளப்பு சுவாமி ஒரு கரும்பலகையில், மூன்று மொழியிலும், தன் அழகான கையெழுத்தில், ‘இனப்படுகொலை பற்றிய கற்கை. சனி பிற்பகல். எல்லோரும் வரலாம்’ என்று எழுதி வாசலில் சாய்த்து வைத்தார்.

எல்லோரும் வந்தார்கள். முதலில் வந்தது ஒரு ஜீப்.

நிலையத்தின் தலைவரைப் பெரிய சுவாமி என்போம். குண்டான, பயந்த, நல்ல மனிதர். அவருடைய அறைக்குள் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்க, நான் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டுக் கதவடியில் நின்றேன்.

“ஃபாதர், யார் யாரைக் கொன்றது?” என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

“ஜேர்மன்காரர், சேர். ஜேர்மன்காரர் மட்டும்தான்.”

“எப்போது?”

“சரியான பழசு, சேர். நான் சின்னப் பிள்ளை.”

“அப்படியென்றால் அவசரம் ஒன்றும் இல்லையே. ஏன் இப்போது படிக்கிறார்கள்?”

அருளப்பு சுவாமி வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே பெரிய சுவாமி அவருடைய காலை மிதித்ததை நான் கண்டேன். வாய் மூடிக்கொண்டது.

“படிக்க வருகிறவர்கள் எங்கே இருந்து வருகிறார்கள்?”

“வெள்ளவத்தை, கிருலப்பனை, கல்கிசை... இங்கே பக்கத்திலும் கொஞ்சப் பேர்.”

“எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள்.” இன்ஸ்பெக்டர் சோடாவை ஒரு மிடறு குடித்தார். “ஜேர்மன்காரரைப் பற்றிப் படிக்க ஒரு ஜேர்மன்காரனும் வரவில்லை.”

 கடைசியில் முடிவானது இதுதான். பலகையை எடுத்துவிட வேண்டும். வகுப்பு நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கொன்ஸ்டபிள் உள்ளே உட்கார்ந்து, என்ன பேசப்பட்டது என்று அறிக்கை எழுதுவார். இந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் வகுப்புக்குப் பூட்டு. வந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் விசாரணைக்கு. அந்த நாளில் விசாரணைக்குப் போனவர்கள் எல்லோரும் பின்னேரத்தில் திரும்பி வந்துவிடவில்லை. வகுப்பில் ஷாமினி என்றொரு பிள்ளை இருந்தாள், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். அவளுடைய அண்ணனை ஒரு லொட்ஜில் வைத்து அப்படித்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மாதக்கணக்காகியும் விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொன்ஸ்டபிள் பண்டார வந்தார். பொலிஸ்காரரை நாங்கள் ராலாமி என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். பெரிய மீசை, நிதானமான நடை, காதில் ஒரு பென்சில். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெத்தை போட்ட ஒரே கதிரை என் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்டு, அதில் வந்து உட்கார்ந்தார். அது என் கதிரை. அந்தப் பருவம் முழுவதும் நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

வகுப்புத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என்னைக் கிள்ளினார். தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள், தங்கையை நங்கி.

“மல்லி, அந்த ஃபாதர் என்ன சொல்கிறார்?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வகுப்பு தமிழில் நடக்கிறது. அறிக்கை சிங்களத்தில் போக வேண்டும். நடுவில் இருப்பது நான்.

என் சிங்களம் மரக்கறிக் கடைச் சிங்களம். கோவா, கத்தரிக்காய்க்கு விலை பேசலாம். மழை வரும் என்று சொல்லலாம். சுவாமியோ முழுக்க முழுக்கப் பெரிய சொற்களாகவே பேசுகிறவர். நாடுகடத்தல் என்று வந்தது. ‘சாமான் கட்டச் சொல்லி ரயிலில் ஏற்றிவிட்டார்கள்’ என்றேன். கொள்கை என்று வந்தது. ‘மேலிடத்து ஓடர்’ என்றேன். சித்தாந்தம் என்று வந்தபோது கொஞ்சம் யோசித்து, ‘விசர், பைத்தியம்’ என்றேன். ராலாமி தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். அப்படி உடைத்து உடைத்துச் சொல்லப்போய்த்தான் எனக்கே பாடம் விளங்கத் தொடங்கியது. அதுவரை நான் தட்டுகளை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராலாமிக்குச் சந்தேகங்கள் வரும். நல்ல சந்தேகங்கள். அதுதான் பயம்.

“மல்லி, அந்த ஆட்களும் மற்ற ஆட்களைப் போலத்தானே இருக்கிறார்கள். யார் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?”

“அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் குத்தினார்கள், ராலாமி.”

“வீடு வீடாகப் பதிவு?”

“இருந்ததாம்.”

“யார் பதிந்தது?”

“பொலிஸ்.”

ராலாமி பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு பெருமூச்சு விட்டார். லொட்ஜ்களுக்குப் போய்ப் பதிவு எடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. “அங்கேயும் நாங்கள்தானா? பாவம், சனிக்கிழமையும் வேலை செய்திருப்பார்கள்.”

அவர் பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை. நான் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கோயிலில் கலியாணம் கட்டப்போகும் சோடிகளுக்குச் சுவாமிமார் ஆயத்த வகுப்பு நடத்துவார்கள். அது மேல்மாடியில். இனப்படுகொலைப் பலகையை எடுத்துவிட்டதால் எது எந்த வகுப்பு என்று வாசலில் தெரியாது. கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவனும் அவனுக்குப் பேசிய பெண்ணும் கீழே எங்களிடம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைய பாடம், யூதர் யாரைக் கலியாணம் செய்யலாம், யாரைச் செய்யக் கூடாது என்று ஜேர்மனியில் போட்ட சட்டம். சுவாமி ஒரு பெரிய விளக்கப் படத்தைப் போட்டார். தாத்தா இன்னார், பாட்டி இன்னார் என்றால் பேரனுக்கு இன்ன தடை என்று வட்டம் வட்டமாகப் போட்டிருந்த படம். பையன் அதைப் பார்க்கப் பார்க்க வியர்த்துப்போனான். கடைசியில் எழுந்து நின்றான்.

“ஃபாதர், ஒரு விசயம். இவவின்ட அம்மம்மா பௌத்தம். பெரிய சுவாமி பரவாயில்லை எண்டு சொன்னவர். இப்ப பார்த்தா எங்களுக்கும் ஏலாது போலக் கிடக்கு?”

பெண் அழத் தொடங்கிவிட்டாள். “மண்டபத்துக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு ஃபாதர்.”

மண்டபமே சிரித்தது. சுவாமி சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து அந்தப் பையனுடைய தலையில் கையை வைத்தார். “தம்பி, உந்தச் சட்டத்தில கையெழுத்து வச்ச மந்திரியைத் தூக்கில போட்டாச்சு. நீங்கள் போய்க் கலியாணம் கட்டுங்கோ” என்றார்.

ராலாமி என்னைக் கிள்ளினார். நான் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் மெத்தைக் கதிரை கிறீச்சிட்டது.

இப்படி அந்த வகுப்பு ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஷாமினி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அன்று சுவாமி அயலவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தெருவில் யூதக் குடும்பங்களை லொறியில் ஏற்றுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் யன்னல் சீலையை இழுத்து மூடுகிறார்கள். அடுத்த கிழமை அதே ஆட்கள் போனவர்களின் கதிரை மேசையை ஏலத்தில் வாங்குகிறார்கள். ஷாமினி எழுந்தாள். மெல்லிய பிள்ளை, சத்தம் போடாதவள்.

“சுவாமி, அட்டையில எழுத்து, வீட்டுப் பதிவு, அயலவன் யன்னலைச் சாத்துறது... எல்லாம் ஐரோப்பாவிலதான் நடந்ததே? இஞ்சை நடந்ததை எப்ப படிப்பிப்பியள்?”

  சுவாமி தடியைத் தூக்கினார், தட்டவில்லை. அவருடைய கண் என் பக்கம், ராலாமியின் பக்கம் வந்து திரும்பிப் போனது. பிறகு தட்டினார். நான் மாற்றினேன். அடுத்த படம் இல்லை. அன்றைக்குக் கொடுத்த படங்கள் முடிந்திருந்தன. வெறும் வெள்ளை வெளிச்சம் திரைத் துணியில் விழுந்தது.

ராலாமி என்னைக் கிள்ளினார்.

“மல்லி, அந்த நங்கி என்ன கேட்டாள்?”

எனக்கு ஷாமினியின் அண்ணன் ஞாபகம் வந்தது. பெரிய சுவாமியின் முகம் ஞாபகம் வந்தது. என் வாய் எனக்கு முன்பே பேசிவிட்டது.

“தேத்தண்ணி இல்லையா என்று கேட்கிறாள், ராலாமி.”

“அதற்கு ஏன் ஃபாதர் பேயறைந்தவர் மாதிரி நிற்கிறார்?”

“கொடுக்க மாட்டார். சரியான கஞ்சம்.”

ராலாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். அன்றைக்கு அவர் எழுதியது போல நீளமாக ஒருநாளும் எழுதவில்லை.

 அந்தக் கிழமை முழுவதும் வாசலில் எந்த வாகனம் நின்றாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை பொலிஸிலிருந்து தொலைபேசி வந்தது. பெரிய சுவாமி எழுந்து நின்றபடியே கேட்டார். “யெஸ் சேர். யெஸ் சேர். நிச்சயமா சேர்.” வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு அருளப்பு சுவாமியையும் என்னையும் கூப்பிட்டார்.

“பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி குடுக்கட்டாம்” என்றார்.

“ஆர் சொன்னது?”

“இன்ஸ்பெக்டர். மாணவர் முறைப்பாடு செய்திருக்கினமாம், ஃபாதர் கஞ்சம் எண்டு. இது சின்ன விசயம், பெரிசாக்க வேண்டாம், ஆளுக்கொரு தேத்தண்ணி குடுத்து விடுங்கோ எண்டு சொல்லுறார்.”

அருளப்பு சுவாமியின் முகம் சிவந்தது. “நான் கஞ்சனோ? உந்தப் படங்களைப் பாத்த வாயில தேத்தண்ணியோ? உங்கடை இன்ஸ்பெக்டரிட்டைச் சொல்லுங்கோ, இது...” அங்கே நின்றுவிட்டார். அவர் படித்த ஆள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த பல்லியைப் பார்த்தேன்.

“பழனி. போன சனிக்கிழமை ராலாமி உன்னட்டை என்ன கேட்டவர்?”

சொன்னேன். பெரிய சுவாமி கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். அருளப்பு சுவாமி யன்னலடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பென்று பிறகுதான் தெரிந்தது. அவர் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

“சரி,” என்றார் கடைசியில். “வகுப்புக்கு முதல் குடுப்பம். பிறகு இல்லை.”

பொலிஸ் ஓடரில் தேத்தண்ணி கொடுத்த ஒரே யுனிவர்சிற்றி எங்களுடையதாகத்தான் இருக்கும். செய்தி பரவி, தேத்தண்ணி நேரத்துக்கு மட்டும் வந்து போகும் மாணவர்களும் கொஞ்சப் பேர் சேர்ந்தார்கள். ராலாமி இரண்டு கோப்பை குடிப்பார்.

கடைசிச் சனிக்கிழமை சோதனை. சுவாமி எழுத்துச் சோதனை வைக்கமாட்டார். ஆளுக்கொரு கேள்வி, எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கப் பதில் சொல்ல வேண்டும். பெரிய சுவாமியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், சான்றிதழ்கள் கொடுக்க. பிள்ளைகள் எல்லோரும் சொல்லி முடித்தார்கள். அப்போது ராலாமி என்னைக் கிள்ளினார்.

“மல்லி, நானும் ஒருநாள் தவறவில்லை. எனக்குச் சான்றிதழ் இல்லையா என்று கேள்.”

கேட்டேன். பெரிய சுவாமி, “தாராளமா! தாராளமா!” என்று கையைத் தட்டினார். அருளப்பு சுவாமி விடவில்லை.

“சோதனை இல்லாமல் ஒருத்தருக்கும் இல்லை. பொலிஸெண்டாலும் சரி, பாப்பரசர் எண்டாலும் சரி. பழனி, அவரை எழும்பச் சொல்லு. கேள்வி இதுதான். அந்த நாட்டில இது நடக்கேக்க, சாதாரணப் பொலிஸ்காரன் ஒருத்தன் என்ன செய்திருக்கலாம்?”

பெரிய சுவாமியின் கால் தேடியது. மிதிக்கப் பக்கத்தில் மேசையும் இல்லை, காலும் இல்லை.

ராலாமி எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவர் என் தோளில் கையை வைத்து நிறுத்தினார்.

“வேணாம் மல்லி. விளங்கினது,” என்றார். தமிழில்.

மண்டபம் முழுவதும் திரும்பியது.

“நான் மன்னார்ல ரெண்டு வருசம் வேலை செஞ்சது. எழுத ஏலாது. கேக்க ஏலும்.” ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் பேசினார். “சாமி, அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டது. நீங்க இன்னும் பதில் சொல்ல இல்லை. நீங்க அதுக்குச் சொன்னா, நான் இதுக்குச் சொல்லுறது.”

அவர் முன்னால் அத்தனை சனிக்கிழமையும் என்னென்ன பேசியிருப்போம் என்று எல்லோரும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ஷாமினி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

சுவாமி தடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“நான் சொன்னால் வகுப்பை மூடிப்போடுவினம்,” என்றார்.

“நான் சொன்னா என்ட வேலையை மூடிப்போடும்,” என்றார் ராலாமி.

“அப்ப ரெண்டு பேரும் பெயில்.”

“ஓம் சாமி. ரெண்டு பேரும் பெயில்.”

அதோடு முடிந்திருக்கலாம். பிள்ளைகள் மூச்சுவிடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் சுவாமி தடியை என் பக்கம் நீட்டினார்.

“பழனி. இவ்வளவு காலமும் ரெண்டு பக்கத்துக் கதையையும் கேட்டது நீ ஒருத்தன்தான். உனக்கு மூட வகுப்பும் இல்லை. நீ சொல்லு. இஞ்சை நடந்ததோ, இல்லையோ?”

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்ட ஒரே பெரிய கேள்வி அது. மண்டபம் நிறைய முகங்கள். ஷாமினியும் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். தொண்டைக்குள் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

“சாமி,” என்றேன், “லைட் போடவா?”

எல்லோரும் சிரித்தார்கள். சுவாமியும் சிரித்து, “போடு, போடு” என்றார். நான் லைட்டைப் போட்டேன். பெரிய சுவாமி சான்றிதழ்களைக் கொடுத்தார். பண்டார ராலாமிக்கும் ஒன்று கிடைத்தது. பெயில் என்றவரே கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். போகும்போது ராலாமி என் காதுக்குக் குனிந்தார். “தேத்தண்ணி எண்டது நல்லது மல்லி. கஞ்சம் எண்டதுதான் கூடிப்போச்சு.”

அதன் பிறகு அவரை நான் காணவில்லை. இடம் மாற்றம் கிடைத்துப் போய்விட்டார் என்றார்கள். வகுப்பு ஒரு பருவமும் நிற்கவில்லை. ஷாமினியின் அண்ணனை அடுத்த வருடம் விட்டார்கள். இரண்டு பேரும் இப்போது கனடாவில். அருளப்பு சுவாமி காலமாகிவிட்டார். அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

மிஸ், நீங்கள் கேட்ட இரண்டு வரி கீழே இருப்பதுதான். பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் நான் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். தமிழர் கடைகளைக் கொளுத்த வந்தவர்களின் கையில் ஒரு தாள் இருந்தது. அதிலிருந்த இலக்கத்தையும் எங்கள் கதவின் இலக்கத்தையும் ஒத்துப் பார்த்து, முதலாளியின் பெயரைச் சரியாக வாசித்தார்கள். நான் பின்மதிலால் ஏறிக் குதித்தபோது அடுத்த வீட்டில் ஒரு யன்னல் சாத்தப்பட்டது. நடந்தது, சாமி. நான் பார்த்தேன்.

பழனி
கொட்டாஞ்சேனை
2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆந் திகதி, சனிக்கிழமை